வார்த்த ஈயக்குண்டுகளின் கடினத்தன்மையை வீட்டிலேயே சோதிப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

சொந்தமாகக் குண்டு வார்ப்பவரின் கைக்கு வந்து சேரும் ஈயம் பெரும்பாலும் பழைய ஈயமே. வாகனச் சக்கரங்களில் பொருத்தப்பட்ட எடைகள், கூரைத் தகடுகள், கேபிள் உறைகள், பழைய அச்சகங்களின் எழுத்து உலோகம் என்று பல இடங்களிலிருந்து அது வருகிறது. இவற்றை உருக்கிக் கட்டிகளாக ஊற்றிவிட்டால், ஒன்றிலிருந்து இன்னொன்றைக் கண்ணால் பிரித்தறிவது கடினம். ஆனால் அவற்றின் கடினத்தன்மை, உருண்டை ஒன்றை அழுத்தி விழும் பள்ளத்தைக் கொண்டு கணிக்கும் பிரினெல் அளவில், ஏறத்தாழ 5 முதல் 28 வரை வேறுபடும். அந்த வேறுபாட்டை வீட்டுப் பட்டறையில் கிடைக்கும் கருவிகளைக் கொண்டே நம்பகமாக அளக்க முடியும். ஒரு நிபந்தனை மட்டும் உண்டு: ஒவ்வொரு முறையும் ஒரே உருண்டை, ஒரே விசை, ஒரே நேரம், வார்த்தபின் ஒரே வயது என்ற ஒழுங்கைக் கைவிடக் கூடாது, கூடவே, கலப்பற்ற ஈயத் துண்டு ஒன்றை ஒப்பீட்டுக்காக எப்போதும் வைத்திருக்க வேண்டும். இந்த ஒழுங்கு இல்லாமல் பெறும் எண், எவ்வளவு விலையுயர்ந்த கருவி காட்டினாலும் பயன்படாது.

குண்டு வார்ப்பதற்கும் தோட்டா தயாரிப்பதற்கும் பல நாடுகளில் உரிமம் தேவைப்படுகிறது. உங்கள் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது என்பதை உறுதிசெய்துகொண்டே இந்த வேலையில் இறங்க வேண்டும்.

கடினத்தன்மையை எதற்காக அளக்கிறோம்

துப்பாக்கி வெடிக்கும்போது உருவாகும் வாயு அழுத்தம் குண்டின் அடிப்பாகத்தைத் தள்ளுகிறது. உலோகம் அந்த அழுத்தத்துக்கு ஏற்ற அளவு மென்மையாக இருந்தால், குண்டின் அடிப்பாகம் சற்றே விரிந்து குழலின் உட்சுவரோடு இறுக்கமாகப் பொருந்தி, வாயு பக்கவாட்டில் கசியாமல் அடைத்துக்கொள்ளும். மிகவும் மென்மையாக இருந்தால் குண்டு உருக்குலைந்து, குழலின் சுருள்வரிகளில் பிடிப்பு இழந்து, ஈயத்தை உரித்துவிட்டுப் போகும். மிகவும் கடினமாக இருந்தாலோ குறைந்த அழுத்தத்தில் விரிய மறுக்கும்; அந்த இடைவெளியில் கசியும் சூடான வாயு குண்டின் ஓரத்தை அரித்து, குழலில் ஈயப்படிவை ஏற்படுத்தும். கடினமான குண்டே எப்போதும் சிறந்தது என்ற பரவலான நம்பிக்கை தவறாவது இந்த இடத்தில்தான்.

பிரினெல் எண்ணை 1422 ஆல் பெருக்கினால், அந்தக் குண்டு தாங்கக்கூடிய அழுத்தம் சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்று கிடைக்கும் என ஒரு விதி குண்டு வார்ப்பவர்களிடையே புழங்குகிறது. பிரினெல் எண் என்பது சதுர மில்லிமீட்டருக்கு இத்தனை கிலோகிராம் விசை என்ற அலகில் அமைந்தது. 1422 என்பது அதைப் பவுண்டு, அங்குல அலகுக்கு மாற்றும் எண் மட்டுமே. அதன்படி கடினத்தன்மை 12 உள்ள குண்டுக்குச் சுமார் 17,000 என்ற அழுத்தம் பொருந்தும். இதைத் திசைகாட்டியாக வைத்துக்கொள்ளலாம். சட்டமாகக் கொள்ளக் கூடாது. குண்டின் விட்டம் குழலுக்குச் சரியாகப் பொருந்துவது, கடினத்தன்மை இரண்டு மூன்று புள்ளிகள் கூடிக் குறைவதைவிட முக்கியமானது. வெடிமருந்தின் அளவைத் தீர்மானிக்க இந்தக் கணக்கை ஒருபோதும் பயன்படுத்தக் கூடாது; அதற்கு உற்பத்தியாளர்கள் வெளியிட்டுள்ள அட்டவணைகள் மட்டுமே வழி.

குழலின் வாய்வழியாக வெடிமருந்தும் குண்டும் இடப்படும் பழைய வகைத் துப்பாக்கிகளுக்குக் கலப்பற்ற மென் ஈயமே தேவை. அங்கே சோதனையின் நோக்கம் தலைகீழாகிறது: உலோகம் போதிய அளவு கடினமா என்று பாராமல், போதிய அளவு மென்மையா என்று பார்க்கிறோம்.

ஈயத்தைக் கடினமாக்குவது எது

கலப்பற்ற ஈயத்தின் பிரினெல் எண் ஏறத்தாழ 5. வெள்ளீயம் சேர்த்தால் அது மெதுவாக உயரும்: இருபது பங்கு ஈயத்துக்கு ஒரு பங்கு வெள்ளீயம் சேர்த்த கலவை சுமார் 10 வரும். வெள்ளீயத்தின் முதன்மையான பயன், உருகிய உலோகம் அச்சின் மூலைகளை நன்றாக நிரப்பச் செய்வதுதான். கடினத்தன்மையைப் பெரிதும் கூட்டுவது ஆண்டிமனி என்ற தனிமம். 90 பங்கு ஈயம், 5 பங்கு வெள்ளீயம், 5 பங்கு ஆண்டிமனி கொண்ட லைமன் நிறுவனத்தின் இரண்டாம் எண் கலவை 15 அளவிலும், 84 பங்கு ஈயம், 4 பங்கு வெள்ளீயம், 12 பங்கு ஆண்டிமனி கொண்ட லினோடைப் எனும் அச்செழுத்து உலோகம் 22 அளவிலும் இருக்கும். கொக்கியுள்ள பழைய சக்கர எடைகள் பொதுவாக 9 முதல் 12 வரை. ஒட்டுப்பசையுள்ள எடைகள் பெரும்பாலும் ஏறக்குறையக் கலப்பற்ற ஈயமே.

ஆண்டிமனி கலந்த ஈயத்துக்கு ஒரு தனிக்குணம் உண்டு. சோதிப்பவர் அதை அறிந்திருக்காவிட்டால் அளவீடுகள் அனைத்தும் குழப்பமாகத் தெரியும். சுமார் 250 டிகிரி செல்சியஸில் ஈயம் தனக்குள் மூன்றரை விழுக்காடு வரை ஆண்டிமனியைத் திடநிலையிலேயே கரைத்து வைத்திருக்கும். அறை வெப்பநிலையில் அந்த அளவு அரை விழுக்காட்டுக்கும் கீழே இறங்கிவிடும். சூடான குண்டை அச்சிலிருந்து நேராகத் தண்ணீரில் போட்டால், வெளியேற வேண்டிய ஆண்டிமனி உள்ளேயே சிறைப்பட்டு, பின்னர் பல மணிநேரங்களாகவும் நாட்களாகவும் மிக நுண்ணிய துகள்களாகப் பிரிந்து படிகிறது. அந்தத் துகள்களே உலோகத்தைக் கடினமாக்குகின்றன. சிறிதளவு ஆர்சனிக் கலந்திருந்தால் இந்த விளைவு இன்னும் வலுப்படும். அதனால் காற்றில் ஆறவிட்டால் 11 காட்டும் சக்கர எடை உலோகம், தண்ணீரில் போட்டுச் சில நாட்கள் வைத்திருந்தால் 20 வரைக்கும் ஏறலாம். உலோகம் ஒன்றே, எண் இரண்டு. வெள்ளீயம் மட்டும் கலந்த ஈயத்துக்கு இப்படிக் கடினமாகும் பண்பு இல்லை.

இதிலிருந்து ஒரு நடைமுறை பிறக்கிறது. வார்த்த அன்றே சோதித்தால் கிடைப்பது தற்காலிக எண். இரண்டு மூன்று வாரங்கள் கழித்துச் சோதித்தால் கிடைப்பது நிலைபெற்ற எண். எதை எடுத்தாலும் எப்போதும் அதே வயதில் எடுக்க வேண்டும்.

மாதிரியைத் தயாரித்தல்

ஈயத்தைத் தொட்ட கையோடு உண்பதோ, குடிப்பதோ, புகைப்பதோ கூடாது. அரத்தால் தேய்க்கும்போது விழும் தூளை ஈரத் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். துடைப்பத்தால் பெருக்கினால் தூள் காற்றில் எழும். வேலைக்கென்று தனி ஆடை இருப்பது நல்லது. சிறு குழந்தைகள் நடமாடும் இடத்தில் இந்த வேலையே வேண்டாம். உருகிய ஈயத்தில் ஒரு துளி நீர் சிக்கினாலும் அது நொடியில் நீராவியாகி உலோகத்தைச் சிதறடிக்கும். ஆகவே தண்ணீரில் குண்டு போடுபவர்கள் அந்த வாளியை ஈயம் உருக்கும் பாத்திரத்திலிருந்து நன்கு விலக்கி வைக்க வேண்டும். பழைய வாகன மின்கலத் தகடுகளை உருக்கவே கூடாது. அவற்றிலுள்ள பொருட்கள் நச்சு வாயுவை உண்டாக்கக்கூடும்.

சோதனைக்கான துண்டை, உண்மையில் சுடப்போகும் குண்டின் அச்சிலேயே வார்ப்பது நல்லது. பெரிய கட்டி மெதுவாக ஆறுகிறது. சிறிய குண்டு விரைவாக ஆறுகிறது. இரண்டும் ஒரே பாத்திரத்து உலோகமாக இருந்தாலும் எண்கள் வேறுபடும். கட்டியின் எண்ணைக் குண்டின் எண்ணாக எடுத்துக்கொள்வதே இத்துறையில் மிகவும் பரவலான பிழை என்பேன். வார்ப்பதற்கு முன் உருகிய உலோகத்தை நன்றாகக் கிளறி, கசடு நீக்கும் மெழுகோ மரத்தூளோ இட்டு, மேலே மிதக்கும் சாம்பல் நிறப் படலத்தை மட்டும் அகற்ற வேண்டும். கிளறாமல் மேலோட்டமாக அள்ளினால் வெள்ளீயத்தின் ஒரு பகுதியும் கசடோடு போய்விடும்.

குண்டின் மூக்கையோ பக்கத்தையோ மெல்லிய அரத்தால் தேய்த்து, சோதனைப் பள்ளத்தைப்போல் மூன்று நான்கு மடங்கு அகலமுள்ள ஒரு சமதளத்தை உருவாக்குங்கள். உலோகம் ஊற்றிய வாயின் வெட்டுத் தழும்புக்கு அருகே சோதிக்க வேண்டாம். உள்ளே காற்றுக்குழி இருக்க வாய்ப்புண்டு. ஈயத்துக்கு இன்னொரு விந்தையான இயல்பும் உண்டு. பெரும்பாலான உலோகங்கள் அடித்தாலும் நசுக்கினாலும் இறுகும். கடினமாக்கப்பட்ட ஈயக்கலவையோ நசுங்கிய இடத்தில் மென்மையடையும். விட்டம் சரிசெய்யும் அச்சில் அழுத்தி இழுத்த குண்டின் மேற்பரப்பு அதனால் உண்மையைவிடக் குறைந்த எண்ணைக் காட்டக்கூடும். அப்படி அழுத்துவதற்கு முன்பே சோதித்துவிடுவது நல்லது.

முதல் தரம்பிரிப்பு: நகம், ஓசை, வளைவு

கலப்பற்ற ஈயத்தில் கட்டைவிரல் நகம் எளிதாகக் கீறல் போடும். சக்கர எடையில் மெல்லிய கோடு விழலாம். லினோடைப்பில் நகம் வழுக்கிச் செல்லும். கான்கிரீட் தரையில் கட்டியைச் சிறு உயரத்திலிருந்து போட்டால் மென் ஈயம் மந்தமான ஓசையோடு அமரும். ஆண்டிமனி மிகுந்த கட்டி கணீரென்று ஒலிக்கும். மெல்லிய துண்டை வளைத்தால் மென் ஈயம் மடங்கும், லினோடைப் ஒடியும். இவை எண் தருவதில்லை. குவியலை மூன்றாகப் பிரிக்க உதவும், அவ்வளவே.

பென்சில் சோதனை

ஓவியர்கள் பயன்படுத்தும் தரமான பென்சில் தொகுப்பு ஒன்று போதும். 6பி என்ற மென்மையான பென்சிலிலிருந்து எச்பி வழியாக 2எச் வரை உள்ள தொகுப்பை, ஒரே நிறுவனத்தின் தயாரிப்பாகப் பார்த்து வாங்குங்கள். நிறுவனத்துக்கு நிறுவனம் கரியின் கடினம் மாறும். கத்தியால் மரத்தை மட்டும் சீவி, உருளை வடிவக் கரி ஐந்தாறு மில்லிமீட்டர் வெளியே தெரியுமாறு செய்யுங்கள். கரியைக் கூராக்கக் கூடாது. நுண்ணிய உப்புத்தாளில் செங்குத்தாகப் பிடித்துத் தேய்த்து, முனை தட்டையாகவும் விளிம்பு கூர்மையாகவும் இருக்குமாறு அமைக்க வேண்டும்.

இனிப் பென்சிலை 45 டிகிரி சாய்வில் பிடித்து, குண்டின் சமதளத்தில் உங்களிடமிருந்து விலகும் திசையில் சீரான அழுத்தத்தோடு தள்ளுங்கள். கரி உலோகத்தைவிடக் கடினமாக இருந்தால் விளிம்பு உலோகத்தில் கடித்து மெல்லிய சீவலை எழுப்பும். மென்மையாக இருந்தால் கருமையான கோட்டைத் தீட்டிவிட்டு நழுவும். மென்மையான பென்சிலிலிருந்து தொடங்கி, எந்தப் பென்சில் முதன்முதலில் உலோகத்தைக் கடிக்கிறதோ அதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு தள்ளலுக்குப் பிறகும் விளிம்பைப் புதுப்பிக்க வேண்டும். மழுங்கிய விளிம்பு உலோகத்தை உள்ளதைவிடக் கடினமாகக் காட்டும்.

கலப்பற்ற ஈயம் பெரும்பாலும் 6பி அளவிலும், லைமன் இரண்டாம் எண் கலவை எச்பி அளவிலும், லினோடைப் எச் அளவிலும் அமையும். பிறர் வெளியிட்ட பென்சில் அட்டவணையை அப்படியே நம்புவதைவிட, கலவை நன்கு தெரிந்த மூன்று நான்கு துண்டுகளை உங்கள் பென்சில்களால் சோதித்து உங்களுக்கென ஒரு அட்டவணை எழுதிக்கொள்வது மேலானது. கவனமாகச் செய்தால், இரண்டு புள்ளி வேறுபாட்டைக்கூட இந்த எளிய முறை பிரித்துக்காட்டும்.

இரு துண்டு, ஒரு உருண்டை: வைஸ் சோதனை

நான் எல்லோருக்கும் முதலில் பரிந்துரைப்பது இந்த முறையைத்தான், ஏனெனில் இதில் விசையை அளக்கவே வேண்டியதில்லை. கலப்பற்ற ஈயத் துண்டு ஒன்றையும் சோதிக்க வேண்டிய துண்டையும் எதிரெதிராக வைத்து, நடுவே எஃகுப் பேரிங் உருண்டை ஒன்றை நிறுத்தி, வைஸ் என்ற பட்டறைப் பிடிகருவியின் தாடைகளுக்கு இடையில் மெதுவாக இறுக்க வேண்டும். உருண்டையின் இருபுறமும் செயல்படும் விசை ஒன்றே ஆகையால், மென்மையான துண்டில் பெரிய பள்ளமும் கடினமான துண்டில் சிறிய பள்ளமும் விழும். பள்ளங்களின் அளவு விகிதமே கடினத்தன்மையின் விகிதத்தைச் சொல்லிவிடுகிறது.

துண்டுகள் இரண்டிலும் சமதளம் தேய்த்துக்கொள்ளுங்கள். உருண்டை வழுக்காமல் இருக்கச் சிறிது கிரீஸ் தடவி ஈயத் துண்டின் மீது ஒட்ட வைக்கலாம். மென் ஈயத்தில் விழும் பள்ளம் உருண்டை விட்டத்தின் பாதியை மிஞ்சாதபடி இறுக்கி, அரை நிமிடம் அப்படியே விட்டுவிட்டுத் தளர்த்துங்கள். பிறகு இரண்டு பள்ளங்களின் விட்டத்தையும், ஒன்றுக்கொன்று செங்குத்தான இரு திசைகளில் அளந்து, சராசரி எடுங்கள். வெர்னியர் காலிப்பரின் உள்தாடை இதற்கு ஓரளவே உதவும். அளவுகோடு பொறித்த உருப்பெருக்கி இருந்தால் அளவீடு வெகுவாகத் துல்லியமாகும். பள்ளத்தின் ஓரத்தில் எழும் வரம்பைச் சேர்த்து அளந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பேனா மையை மெல்லப் பூசித் துடைத்தால் விளிம்பு தெளிவாகத் தெரியும்.

கணக்கு எளிது. ஈயப் பள்ளத்தின் விட்டத்தைச் சோதனைத் துண்டின் பள்ள விட்டத்தால் வகுத்து, வந்த எண்ணை அதே எண்ணால் பெருக்கி, அதை 5 ஆல் பெருக்க வேண்டும். 10 மில்லிமீட்டர் உருண்டையில் ஈயப் பள்ளம் 4.0 மில்லிமீட்டர், மற்றது 2.5 மில்லிமீட்டர் என்றால், 1.6 பெருக்கல் 1.6 என்பது 2.56, அதை 5 ஆல் பெருக்க 12.8. பள்ளத்தின் வளைவைக் கணக்கில் எடுக்கும் முழுமையான சூத்திரத்தில் இதே அளவுகள் 13.1 தரும். இந்தச் சிறு வேறுபாடு நடைமுறையில் பொருட்டில்லை. பொருட்படுத்த வேண்டியது ஒப்பீட்டு ஈயத்தின் தூய்மை: அதில் சிறிது ஆண்டிமனி கலந்திருந்தாலும் எல்லா எண்களும் உண்மையைவிடக் குறைவாகவே வந்துகொண்டிருக்கும். தூய்மைச் சான்றோடு விற்கப்படும் ஈயத்தில் ஒரு சிறு கட்டியை இதற்கென்றே வாங்கிப் பாதுகாத்து வையுங்கள்.

தெரிந்த எடையால் அழுத்தும் முறை

ஸ்வீடனைச் சேர்ந்த பொறியாளர் யோகான் ஆகஸ்ட் பிரினெல் 1900 இல் அறிமுகப்படுத்திய முறை இது. கடினமான உருண்டையைத் தெரிந்த விசையில் அழுத்தி, விழும் பள்ளத்தின் பரப்பால் அந்த விசையை வகுப்பதே அதன் சாரம். வீட்டில் செய்ய, துளையிடும் இயந்திரத்தின் தலையில் உருண்டை பொருத்திய கம்பியை மாட்டி, கீழே எடை பார்க்கும் தராசை வைத்து, அதன்மேல் குண்டை நிறுத்தி, கைப்பிடியை இறக்கலாம். இயந்திரம் ஓடாத நிலையில், மின் இணைப்பைத் துண்டித்துவிட்டே இதைச் செய்ய வேண்டும்.

லீ நிறுவனத்தின் சிறு கருவி 5/32 அங்குல உருண்டையை 60 பவுண்டு விசையில் 30 விநாடி அழுத்துகிறது. அதே அளவுகளை நீங்களும் கடைப்பிடித்தால் அதன் அட்டவணையோடு ஒப்பிட முடியும். உருண்டை விட்டம் 3.97 மில்லிமீட்டர், விசை 27.2 கிலோகிராம் என்று வையுங்கள். உருண்டை விட்டத்தின் வர்க்கத்திலிருந்து பள்ள விட்டத்தின் வர்க்கத்தைக் கழித்து, வர்க்கமூலம் எடுத்து, அதை உருண்டை விட்டத்திலிருந்து கழியுங்கள். வந்ததை உருண்டை விட்டத்தாலும் 3.1416 ஆலும் பெருக்குங்கள். விசையின் இரு மடங்கை இந்த எண்ணால் வகுத்தால் பிரினெல் எண் கிடைக்கும். பள்ளம் 1.27 மில்லிமீட்டர் என்றால் விடை ஏறத்தாழ 21.

முப்பது விநாடி என்பதைச் சடங்காக எண்ண வேண்டாம். முழுமையான வெப்பநிலை அளவில் பார்த்தால், அறை வெப்பநிலை என்பது ஈயத்தின் உருகுநிலையில் சரிபாதி. அதனால் ஈயம் சுமையின் கீழ் நிற்காமல் மெதுவாக அமுங்கிக்கொண்டே இருக்கும். பத்து விநாடி அழுத்திய பள்ளமும் ஒரு நிமிடம் அழுத்திய பள்ளமும் ஒன்றாக இரா. கடிகாரத்தைப் பார்த்தே அழுத்துங்கள். ஒரு பள்ளத்தின் நடுவுக்கும் அடுத்ததன் நடுவுக்கும் இடையே பள்ள விட்டத்தின் மூன்று மடங்கும், விளிம்பிலிருந்து இரண்டரை மடங்கும் இடைவெளி விடுங்கள். குறைந்தது மூன்று குண்டுகளில் பள்ளம் பதித்துச் சராசரி எடுக்க வேண்டும்.

சேகோ போன்ற சில கருவிகள் தமக்கேயுரிய அளவெண்களைக் காட்டும். அவற்றைப் பிரினெல் எண்ணாக எடுத்துக்கொள்ளாமல், உடன் வரும் மாற்று அட்டவணையைப் பாருங்கள்.

எண் சொல்லாதது: கலவை என்ன

கடினத்தன்மை ஒன்றை மட்டும் வைத்து உலோகத்தின் கலவையைச் சொல்லிவிட முடியாது. தண்ணீரில் இறுக்கிய சக்கர எடையும், காற்றில் ஆறிய லினோடைப்பும் ஏறக்குறைய ஒரே எண்ணைக் காட்டலாம். இதைப் பிரித்தறிய எடை உதவும். ஈயத்தின் அடர்த்தி 11.34, வெள்ளீயம் 7.29, ஆண்டிமனி 6.69. எனவே கலப்பு கூடக்கூட, அதே அச்சில் வார்த்த குண்டின் எடை குறையும். கலப்பற்ற ஈயத்தில் 10 கிராம் வரும் குண்டு, நான்கு விழுக்காடு ஆண்டிமனியுள்ள சக்கர எடை உலோகத்தில் சுமார் 9.7 கிராமும், லினோடைப்பில் சுமார் 9.05 கிராமும் இருக்கும். காற்றுக்குழி இல்லாத பத்துக் குண்டுகளைச் சேர்த்து நிறுத்தால் இந்த வேறுபாடு ஐயமின்றித் தெரியும்.

இன்னொரு வழி, ஐயத்துக்குரிய உலோகத்தை மீண்டும் உருக்கி, காற்றில் மெதுவாக ஆறவிட்டு, மூன்று வாரம் கழித்துச் சோதிப்பது. 20 காட்டியது 11 ஆக இறங்கினால், முதலில் கண்ட கடினத்தன்மை விரைவாகக் குளிர்ந்ததால் வந்தது என்பது உறுதி.

வேண்டிய கடினத்தன்மைக்குக் கலப்பது

ஆண்டிமனி விழுக்காட்டை 0.92 ஆலும், வெள்ளீய விழுக்காட்டை 0.29 ஆலும் பெருக்கிக் கூட்டி, அதனுடன் 8.6 சேர்த்தால், காற்றில் ஆறிய கலவையின் தோராயமான பிரினெல் எண் கிடைக்கும். கலப்பற்ற ஈயத்துக்கு இந்தச் சூத்திரம் 8.6 என்று தவறாகக் காட்டும். ஆகவே ஆண்டிமனி கணிசமாக உள்ள கலவைகளுக்கு மட்டுமே அதைப் பயன்படுத்துங்கள். லினோடைப்பையும் கலப்பற்ற ஈயத்தையும் எடையில் சரிபாதியாகக் கலந்தால் ஆண்டிமனி 6, வெள்ளீயம் 2 என்றாகும், சூத்திரப்படி 14.7. அந்தக் கலவைக்கு வழக்கமாகச் சொல்லப்படும் எண் 16. இவ்வளவு நெருக்கம் ஒரு தொடக்கப் புள்ளிக்குப் போதுமானது.

முதலில் அரைக் கிலோ அளவில் கலந்து வார்த்து, குறித்த வயதில் சோதித்து, எண் பொருந்தினால் மட்டும் பெரிய பாத்திரத்தில் அதே விகிதத்தைக் கலக்க வேண்டும். பெரிய பாத்திரத்து உலோகத்தையும் ஒருமுறை சோதித்துவிட்டு, கட்டிகள் ஒவ்வொன்றின் மேலும் வார்த்த நாள், ஆறவிட்ட முறை, சோதித்த வயது, கிடைத்த எண் ஆகிய நான்கையும் அழியாத மையால் எழுதிவையுங்கள். எண்கள் முன்னுக்குப் பின் முரணாக வந்தால், கலவையைச் சந்தேகிக்கும் முன் கலப்பற்ற ஈயத் துண்டை அதே கருவியில் மீண்டும் சோதியுங்கள். அது 5 க்கு அருகில் வரவில்லையென்றால் பிழை கருவியிலோ அளவிடும் முறையிலோ இருக்கிறது. அது சரியாக வந்தால், பாத்திரத்தைக் கிளறாமல் வார்த்திருக்கிறீர்களா, குண்டுகள் வேறுவேறு விதமாகக் குளிர்ந்தனவா என்று பார்த்து, மூன்று குண்டுகளைப் புதிதாக வார்த்து மறுபடி தொடங்குங்கள்.